தீவகப் பாதையில் செயின் நிலைக்கவில்லை: பராமரிப்பு முறைகளும் ஓட்ட அனுபவமும்

தீவக ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வசிக்கிறேன், தீவகத்தில் உள்ள புங்குடுதீவில் கற்பிக்கிறேன். பாடசாலை நாள்களில் காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, பண்ணைப் பாலத்தால் இறங்கி, வேலணையைக் கடந்து, இரண்டு பக்கமும் கடலாகக் கிடக்கும் அந்த நீண்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குப் போய், பிற்பகலில் அதே வழியால் திரும்பி வருகிறேன். என்னிடம் இருப்பது பாவித்த பல்சர் 150 மோட்டார் சைக்கிள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. காலையில் ஒரு தொடுகையில் இயங்கும், புகை கிடையாது, ஒயிலும் குறைவதில்லை.

என் கவலை செயின்தான். முதலாவது செயினும், அது ஓடும் பற்சக்கரமான ஸ்பொக்கற்றும் 9,000 கிலோமீற்றரில் முடிந்தன. இரண்டாவதாகப் பூட்டியது 7,500 கிலோமீற்றர்கூடத் தாங்கவில்லை. பின்பக்க ஸ்பொக்கற்றின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொழுக்கிபோல வளைந்துவிட்டன. செயினைப் பின்புறமாக விரலால் இழுத்தால், பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்கு அது எழுந்து நிற்கிறது. இத்தனைக்கும் நான் பராமரிப்பைக் கைவிட்ட ஆள் அல்லன். 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்று கைநூலில் உள்ளபடி தவறாமல் ஒயில் இட்டு வந்திருக்கிறேன். நகருக்குள் மட்டும் ஓடும் என் மைத்துனரின் இதே வகை வண்டியில், பூட்டிய செயின் 20,000 கிலோமீற்றரைத் தாண்டி இன்னும் ஓடுகிறது.

எந்த ஒயில் இடுவது, ஓ வளையம் (இணைப்புகளுக்குள் கிறீசைக் காக்கும் ரப்பர் வளையம்) உள்ள செயினுக்கு மாறுவது பயன் தருமா, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் தாம்போதியில் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதற்கு ரயர் காற்றில் ஏதேனும் மாற்றம் செய்யலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாவகச்சேரித் திருத்துநர்

தம்பி, ஒயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன். வண்டியை எங்கே கழுவுகிறீர்கள், எந்த நேரத்தில் கழுவுகிறீர்கள்?

தீவகத்தால் வரும் வண்டிகளை நாற்பது வருடமாகக் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். தாம்போதியைக் கடந்து வந்தவுடன் பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆமின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வெயில் ஏறியதும் அதுவே வெண்பொடியாகக் காய்ந்து செயின் இணைப்புகளின் இடுக்குகளில் தங்கிவிடும். இரவில் பனி இறங்கும்போது அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் இணைப்புகளின் ஓரத்தில் செந்நிறமாகக் கறள் கட்டியிருக்கும். அந்தக் கறளை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே புறப்பட்டுவிடுவீர்கள். முதல் ஒரு கிலோமீற்றரில் அது உரசிக் கழன்று, நுண்ணிய அரத்தூளாக மாறி ஊசிகளையும் உருளைகளையும் அராவும். மாலையில் பார்க்கும்போது செயின் பளபளவென்று இருப்பதால் எல்லாம் நலமாகத் தோன்றும். அந்தப் பளபளப்பே தேய்வின் அடையாளம்.

ஆகவே 500 கிலோமீற்றர் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கைநூலை எழுதியவர் கடலுக்கு நடுவே போகும் தெருவை மனத்தில் வைத்து எழுதவில்லை. கிலோமீற்றரை விட்டுவிட்டு, எத்தனை தடவை கடலைக் கடந்தீர்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பாடசாலை நாளும் இரண்டு கடப்புகள். என் கணக்கில், சோளகம் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை, நான்கு கடப்புகளுக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் இடவேண்டும். மற்றக் காலத்தில் பத்துக் கடப்புகளுக்கு ஒருமுறை போதும்.

செய்யும் நேரமும் முக்கியம். காலையில் குளிர்ந்த செயினில் எண்ணெய் இட்டுவிட்டு உடனே ஓடினால், அதில் பாதி சில்லிலும் உங்கள் காற்சட்டையிலும்தான் இருக்கும். மாலையில் வீட்டுக்கு வந்து, செயின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மீண்டும் துடைத்து, கியர் ஒயில் 90ஐ உட்பக்கத்தால், அதாவது செயினின் கீழ் ஓட்டத்தின் மேற்புறத்தில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூடு எண்ணெயை உள்ளே இழுக்கும். பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே தெரியும் எண்ணெய் மணலைப் பிடிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

பெற்றோலால் செயின் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாதாரணச் செயினுக்கு அது எண்ணெயை முற்றாக உறிஞ்சிவிடும். ஓ வளையம் உள்ள செயினாயின் அந்த ரப்பரை வீங்கவைத்துக் கெடுத்துவிடும்.

இறுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைக் கையால் மெல்லச் சுற்றி, நாலைந்து இடங்களில் தளர்வைப் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நீள்வதில்லை. எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை மேலும் கீழும் ஆடவேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது கியர்ப்பெட்டியின் வெளித்தண்டுப் பெயரிங் அந்தச் சுமையை வாங்கும். அதை மாற்றுவதற்கு எஞ்சினைப் பிளக்கவேண்டி வரும்.

எம்.டி. தொண்ணூறு

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது: செயினின் மூடி.

என் தகப்பனாரின் ஹோண்டா எம்.டி. 90 இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. யப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட அந்தச் சிவப்பு வண்டியை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. நான் அதில் எட்டு வருடம் ஊர்காவற்றுறைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அந்த எட்டு வருடத்தில் ஒரேயொரு முறைதான் செயின் மாற்றினேன். நான் இட்ட எண்ணெயில் எந்தப் புதுமையும் இல்லை. அந்த வண்டியின் செயின் முன்னும் பின்னும் மேலும் கீழும் தகரப் பெட்டிக்குள் முழுமையாக மூடப்பட்டிருக்கிறது. மழையானாலும் வெயிலானாலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போகவேண்டிய ஒரு வண்டிக்கு எது தேவை என்று அறிந்து செய்திருக்கிறார்கள். ஸ்பிளெண்டர், சீ.ரி. 100 போன்றவற்றிலும் இத்தகைய மூடி உண்டு. பல்சரில் மேற்பக்கத்தை மட்டும் மறைக்கும் அரைமூடிதான் இருக்கிறது. அழகுக்காகச் செயினைத் திறந்துவிட்டதன் விலையை நம் தீவகப் பாதையில் செலுத்துகிறோம் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வாறு சொல்வதால் மூடியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெட்டியின் அடித்தட்டில் நீர் வடிவதற்கான துளை சேற்றால் அடைபட்டால், உப்புநீர் உள்ளேயே தேங்கி நிற்கும். தளர்வைப் பார்ப்பதற்கென்று பெட்டியில் ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. அதைப் பலர் திறப்பதேயில்லை. நான் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, விரலை விட்டுச் செயினை உயர்த்திப் பார்ப்பேன். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு தகரங்களையும் கழற்றி உட்புறம் முழுவதும் கிறீஸ் பூசுவேன்.

ஓடும் தன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளச் பிடி இல்லாத, மூன்று கியர் மட்டுமே உள்ள அந்த வண்டி வண்ணார்பண்ணை ஒழுங்கைகளுக்குள் போகும் விதமே தனி. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே தொண்ணூறு பாகையில் திரும்பும் முடக்குகளில், இரண்டாம் கியரில் அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம், எஞ்சின் திக்காது, இடக்கைக்கு வேலையே இல்லை. பண்ணைப் பாலத்தில் எதிர்காற்று அடிக்கும்போது மட்டும் மூன்றாம் கியர் இழுக்காது. இரண்டுக்கு இறங்கினால் எஞ்சின் அலறும். அந்த இடத்தில் பல்சரின் ஐந்து கியர்களை நான் மனமார விரும்பியிருக்கிறேன்.

குருநகர் வியாபாரி

நான் மீன்பெட்டி கட்டி ஓடுகிறவன். வண்டி பிளட்டினா. உப்பைப் பொறுத்தவரை, உங்கள் எல்லாருடைய வண்டிகளும் கடலைக் கடக்கின்றன, என் வண்டியின்மேல் கடலே வடிகிறது என்று சொல்லலாம். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ்தண்ணீர் நேராகப் பின் மட்காட்டிலும் செயின் பெட்டியிலும்தான் விழுகிறது.

கியர் ஒயில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் இடவேண்டிய நிலையில் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலைப் போத்தலில் விட்டு, அடியில் தூள் படியும்வரை ஒரு கிழமை வைத்திருந்து, மேல்மட்டத்தை மட்டும் எடுத்துத்தான் இடுகிறேன். மூடியுள்ள செயினுக்கு அது போதுமாக இருக்கிறது.

எனக்குப் பெரும் பயன் தந்தது வேறொரு சிறிய வேலை. முன் மட்காட்டின் நுனியில், பழைய லொறி ரியூப்பை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, நிலத்திலிருந்து நாலு விரல் உயரம் இருக்கத்தக்கதாகத் தொங்கவிட்டிருக்கிறேன். முன்சில்லு எறிகிற தண்ணீரும் மணலும் எஞ்சினின் அடியிலும் முன் ஸ்பொக்கற் மூடியின் உள்ளேயும் போய் அடைவதை அது பெருமளவு தடுத்துவிட்டது. தம்பி, உங்கள் வண்டியின் முன் ஸ்பொக்கற் மூடியைக் கழற்றி எவ்வளவு காலம்? மணலும் பழைய கிறீசும் சேர்ந்து களிமண்போல இறுகிக் கிடக்கும்.

சாவகச்சேரித் திருத்துநர்

பழைய ஒயிலைப் பற்றி நம் வியாபாரி சொன்னது மூடியுள்ள வண்டிக்கு ஓரளவு சரி. பல்சரில் அதைச் செய்யவேண்டாம். அந்த ஒயிலில் எஞ்சினின் உலோகத்தூளும் எரிந்த கரியும் அமிலத்தன்மையும் கலந்திருக்கும், படியவைத்தாலும் முழுமையாக நீங்காது. திறந்த செயினில் மணலோடு சேரும்போது கேடு இரட்டிப்பாகும். ரியூப் தொங்கவிடும் யோசனை மிகச் சிறந்தது. அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில், போரினால் பெற்றோல் வராத அந்த வருடங்களில், எம்.டி. 90 போன்ற வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கில் கரி கட்டும். எரியாத மிச்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி, கீழே உள்ள ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். எனவே வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவதும், ஒயிற்கோலை எடுத்து முகர்ந்து பார்ப்பதும் அன்றைய ஒவ்வொரு வண்டிக்காரரின் மாலைநேர வழக்கமாக இருந்தன. அவ்வளவு கொடுமையான எரிபொருளிலும் அந்த எஞ்சின்கள் பிழைத்ததற்கு அந்தப் பத்து நிமிடக் கவனிப்பே காரணம் என்று இன்றும் நம்புகிறேன். செயினுக்கும் நான் கேட்பது அதே பத்து நிமிடம்.

செம்மண் தோட்டம்

நான் புன்னாலைக்கட்டுவன் பக்கம். எங்களுக்கு உப்பு இல்லை, செம்மண் புழுதிதான். அது செயினைக் காட்டிலும் காற்று வடிகட்டியைத்தான் முதலில் பதம் பார்க்கும். வண்டி இழுவை குறைந்து, பெற்றோல் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கினால், காபரேற்றரைத் திருகுவதற்கு முன் வடிகட்டியைத் திறந்து பாருங்கள்.

ஒயிலைப் பற்றிய பேச்சு வந்ததால் என் அனுபவம் ஒன்றையும் எழுதுகிறேன். ஒரு கராஜில் ஒயில் மாற்றக் கொடுத்தேன். காருக்குரிய ஒயிலை விட்டுவிட்டார்கள். இரண்டு கிழமையில், மேலேறும் இடங்களில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று புதியவற்றைப் பூட்டியும் அதே நிலைமை. மோட்டார் சைக்கிளில் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைப்பதற்காகச் சில கார் ஒயில்களில் சேர்க்கப்படும் பொருள் கிளச்சை வழுக்கச் செய்துவிடும். இப்போது போத்தலில் யப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதில்லை. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்குரியது.

ஏ9 பயணி

காற்றைப் பற்றிய கேள்விக்கு எவரும் விடையளிக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். வருடத்தில் பல தடவை ஏ9 கண்டி வீதி வழியாகவும், சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி ஊடாக மன்னாருக்கும் யமஹா எப்.இசட். வண்டியில் போகிறவன் நான். ஆனையிறவு வெளியிலும் பூநகரித் தெருவிலும், மறைப்பதற்கு ஒரு பனைகூட இல்லாத இடங்களில் சோளகம் எப்படி அடிக்கும் என்பதை நன்றாக அறிவேன்.

பக்கக் காற்றுக்காக ரயர் காற்றைக் குறைக்கவேண்டாம். பலர் அவ்வாறு சொல்வார்கள். குறைத்தால் ரயரின் பக்கச்சுவர் நெளிந்து, வண்டி இன்னும் அலையும். உங்கள் பல்சருக்கு முன்சில்லில் 25, பின்சில்லில் தனியே போகும்போது 28, இருவர் ஏறும்போது 32 பி.எஸ்.ஐ. என்ற அளவை, காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடியுங்கள். அடுத்ததாக, ஹாண்டில் திரும்பும் தண்டிலுள்ள குண்டுப் பெயரிங்கான கோன்செற்றைப் பாருங்கள். நடுத்தாங்கியில் நிறுத்தி, முன்சில்லை உயர்த்தி, ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல அகப்பட்டு நிற்கிறதா? நின்றால் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. பக்கக் காற்றில் வண்டி தள்ளப்படுவதாக நாம் உணர்வதில் பாதிக்கு அதுவே காரணம்.

மிச்சப் பாதி ஓட்டுபவரிடம் இருக்கிறது. காற்று அடித்ததும் ஹாண்டிலை இறுகப் பிடிப்பது எல்லாருக்கும் வரும் இயல்பு. அவ்வாறு பிடித்தால், உடம்பில் மோதும் ஒவ்வொரு வீச்சும் கை வழியாக முன்சில்லுக்குப் போகும். முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை அணைத்துக்கொண்டு, கைகளைத் தளர்த்தி, ஒரு கியர் குறைத்து, எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில் போங்கள். எதிரே பஸ் வந்தால், அது கடக்கும் கணத்தில் காற்று நின்று, கடந்தவுடன் இரட்டிப்பாக அடிக்கும். அந்த இரண்டாவது அடிக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும். முதுகுப்பையையும் பின்னிருக்கையில் தாழ்வாகக் கட்டிவிடுங்கள். முதுகில் உயரமாக நிற்கும் பை ஒரு பாய்மரம்.

எம்.டி. தொண்ணூறு

ஓ வளையச் செயின் பற்றி: பணம் இருந்தால் மாறலாம். ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்சுக்கும் நடுவே தொழிற்சாலையில் அடைத்த கிறீசை அந்த வளையங்கள் காப்பாற்றும். இருந்தாலும் தகடுகளின் வெளிப்புறமும் பற்களும் கறள் பிடிக்கவே செய்யும். ஆகவே துடைக்கும் வேலை தொடரும். பூட்டுவதாயின் முன் ஸ்பொக்கற், பின் ஸ்பொக்கற், செயின் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

தீவக ஆசிரியர்

எல்லாருக்கும் என் உளமார்ந்த நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது. நான் வண்டியைப் பாடசாலைக் கிணற்றடியில், பின்னேரம் புறப்படுவதற்கு முன் கழுவி வந்திருக்கிறேன். அது உவர்நீர். உப்பை உப்பால் கழுவி, அதன்பின் மீண்டும் தாம்போதியில் ஏறியிருக்கிறேன். இப்போது வீட்டுக்கு வந்து, நல்ல தண்ணீரில், வாளியாலும் துணியாலும் மட்டும் கழுவுகிறேன்.

முன் ஸ்பொக்கற் மூடியைக் கழற்றியபோது, வியாபாரி அண்ணை சொன்னபடியே, உள்ளங்கை நிறையக் கருஞ்சேறு வந்தது. அதில் பொடிச் சிப்பித் துண்டுகள்கூட இருந்தன. கோன்செற்றிலும் நேர்நிலையில் அந்தப் பள்ளம் இருந்தது; மாற்றிய பின்னர் தாம்போதியில் வண்டி வேறு வண்டியாகத் தெரிகிறது. கைகளைத் தளர்த்தி ஓடுவதற்குப் பழக ஒரு கிழமை எடுத்தது. இப்போது காற்று என் தோள்களைத் தள்ளுகிறது, சில்லு தன் வழியில் போகிறது.

சாதாரணச் செயினையே இரண்டு ஸ்பொக்கற்றுகளோடும் புதிதாகப் பூட்டி, கடப்புகளை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். சோளகம் இன்னும் முடியவில்லை என்பதால் நான்குக்கு ஒருமுறை என்ற கணக்கை விடவில்லை. நேற்று மாலை 72ஆவது கடப்பு. பூட்டிய அன்று இறுக்கமான இடத்தில் 25 மில்லிமீற்றர் தளர்வு வைத்தேன். இன்று காலை அளந்தபோது 27 இருந்தது. பழைய செயினை இதே கால அளவில் இரண்டு தடவை இறுக்கியிருக்கிறேன்.

ரியூப் மட்டும் சரியாக அமையவில்லை. மெல்லிய ரியூப்பாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஐம்பதைத் தாண்டினால் காற்றில் மடிந்து ரயரில் உரசுகிறது. வியாபாரி அண்ணை, சனிக்கிழமை காலை குருநகர்ப் பக்கம் வருவேன். உங்கள் வண்டியில் அதை எப்படி வெட்டி, எத்தனை போல்ற்றில் பிடித்திருக்கிறீர்கள் என்பதை நேரில் பார்க்க அனுமதி தரவேண்டும்.

குருநகர் வியாபாரி

ஏழு மணிக்கு முன்னர் வாருங்கள், தம்பி. அதற்குப் பிறகு நான் பெட்டியோடு புறப்பட்டுவிடுவேன். லொறி ரியூப்பில் மிச்சத் துண்டு இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். போல்ற் இரண்டு போதும், ஆனால் பின்னால் ஒரு தகரப்பட்டி வைத்துப் பிடிக்கவேண்டும்.